பஸ்ராவில் மார்கழி

என் வீட்டுக்காரர் ஐயாவு செத்துப்போனார் என்று சொல்ல வந்தவன் முதலில் தண்ணீர் கேட்டான். சொம்பில் மொண்டு கொடுத்தேன். குடித்தான், வாயைத் துடைத்தான், சொம்பை யார் காலும் படாதபடி சுவரோரமாக வைத்தான், அப்புறம்தான் அழ ஆரம்பித்தான். எனக்கு அப்போதே எரிச்சல். அழுகை முட்டிக்கொண்டு வருகிறவனுக்குச் சொம்பை எங்கே வைப்பது என்ற யோசனையெல்லாம் வராது.

பேர் அர்ச்சுனனாம். பாகான் செராய்க்காரனாம். கப்பலில் சமையல்கட்டு வேலையாம். பஸ்ராவில் ஐயாவு அண்ணனோடு ஒரே சட்டியில் சோறு தின்றவனாம். அவன் சொல்லச் சொல்ல என் அண்ணன் உடையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அண்ணன் பெண்டாட்டி முத்தம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். எங்கள் வரிசை வீட்டு லயத்து ஜனம் பூராவும் என் வாசலில். அந்த நிமிஷம் வரைக்கும் நானும் நம்பத்தான் செய்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் முன்கதை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் அடுத்துச் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஜப்பான்காரன் வந்தபிறகு அதைத் தோட்டம் என்று சொன்னது ஒரு மரியாதைக்குத்தான். கித்தா என்கிற ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்கள் சும்மா நின்றன. நடுவில் மரவள்ளி நட்டு, காலையில் அதையே அவித்தும் சாயங்காலம் அதையே சுட்டும் தின்றோம். துணி கிடைக்காமல் ஆம்பிளைகள் கோணிச்சாக்கில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கடிகாரத்தைக்கூட அவன் ஊர்க் கணக்குக்குத் திருப்பி வைத்துவிட்டான். அதுவரை மூன்றரைக்குப் பெய்த மழை அப்புறம் ஐந்து மணிக்குப் பெய்தது.

ஐயாவு துரை வீட்டுச் சமையல்காரர். எங்கள் சின்னத்துரை, தோட்ட வேலையை விட்டுவிட்டு பஸ்ராவில் ஏதோ எண்ணெய்க் கம்பெனிக்குப் போனபோது, இவர் கை சூப்பு இல்லாமல் தனக்குச் சாப்பாடு இறங்காது என்று கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு எது இறங்கும், எது இறங்காது என்று அந்தத் துரை கேட்கவில்லை. பஸ்ரா அரபு தேசத்தில் இருக்கிறது. ஆற்றங்கரை ஊர்தான், ஆனால் ஊரைத் தாண்டினால் பாலைவனம். இரண்டு வருஷம் கழித்து துரைக்கு லீவு வந்தது. சீமையில் ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்ததால் அங்கே போகாமல் பினாங்குக்கு வந்தார். இவரும் வந்தார். இரண்டு மாதம் என்னோடு இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறினார். அந்த வருஷம் முடிவதற்குள் ஜப்பான்காரன் ஈப்போவுக்குள் வந்துவிட்டான். அதோடு கடல் மூடிக்கொண்டது.

லீவில் வந்திருந்தபோது கள்ளுக்கடையில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். எப்படி ஊரு, எப்படி வெயிலு என்று கேட்டுக் கேட்டுச் சாவடித்தார்கள். இவருக்கும் ஆசை.

“ஆடி மாசம் இரும்புத் தாப்பாளத் தொட்டா கைத்தோலு அதுலயே ஒட்டிக்கும்லா. கல்லு மேல முட்டைய ஒடச்சு ஊத்து, அடுப்பே வேணாம்.”

அண்ணனின் மச்சான் பிச்சைமுத்து இதை மட்டும் நாலு தடவை சொல்லச் சொல்லி ரசித்தார். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் பஸ்ரா என்றால் நெருப்பு.

வீட்டில் எனக்குச் சொன்னது வேறு. ஒருநாள் மழைக்கு உள்ளே உட்கார்ந்து இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நான் அங்க அழுதிருக்கேன் புள்ள.”

“வெயிலுக்கா?”

“குளிருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மார்கழி வந்தால் அந்த ஊரில் வடக்கேயிருந்து ஒரு காற்று வருமாம். விரல் விறைத்துப் போய் வெங்காயம் நறுக்கக் கத்தியைப் பிடிக்க முடியாதாம். முதல் வருஷம் யாரும் சொல்லாததால் ஒரு போர்வைகூட இல்லாமல் போய், அணைந்த அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் கோழி மாதிரி ஒடுங்கிக்கொண்டு, ஏன்டா வந்தோம் என்று விடிய விடிய அழுதாராம். பாலைவனத்துக்குப் போனவன் குளிரில் அழுதான் என்று கள்ளுக்கடையில் சொன்னால் ஆயுசுக்கும் கேலி செய்வார்கள். அதனால் அங்கே வெயிலையும் என்னிடம் குளிரையும் சொன்னார்.

அப்புறம் நான் விடவில்லை. ஒவ்வொரு மாதமாகக் கேட்டேன். அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் பேசியதில் பாதி அதுதான். மாசி கடைசியில் குளிர் விடும். பங்குனி ஒன்றுதான் மனுஷன் இருக்கிற மாதிரி. வைகாசி முடியும்போது புழுதிக்காற்று கிளம்பி ஆனி முழுக்க அடிக்கும், சோற்றில் மண்ணைப் பொறுக்கித்தான் தின்ன வேண்டும். ஆடியிலும் ஆவணியிலும் ஊரே மொட்டை மாடியில் படுக்கும். ஆவணி கடைசியில் தெற்கேயிருந்து ஈரக்காற்று வந்து பிசுபிசுக்கும், பேரீச்சம்பழம் கனியும். ஐப்பசியில் மாடியிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிடுவார்கள். கார்த்திகையில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசும். அப்புறம் மார்கழி, தை.

நம்ம ஊரில் இதெல்லாம் ஏது? சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான். காலையில் வெயில், மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் மழை. தைப்பிங்கில் கொஞ்சம் கூடுதலாகப் பெய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு ஊர் ஒரு மாதத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு மாதத்தில் வேறு மாதிரியும் இருக்கும் என்று சொன்னால் புரியாது. எனக்கும் அவர் சொல்லித்தான் புரிந்தது.

அவர் போனபிறகு அந்த ஊரின் மாதங்களை வைத்துக்கொண்டுதான் நான் காலத்தை ஓட்டினேன். இங்கே எதுவுமே மாறவில்லை. நேற்றைய மரவள்ளி, நேற்றைய மழை. ஆனால் மரவள்ளிக்கு மண் அணைக்கும்போது, இப்போது அவருக்குப் புழுதிக்காற்று ஓய்ந்திருக்கும், இப்போது மாடி ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மாசி முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும், அவருக்குக் குளிர் விட்டது என்று. கிறுக்குத்தனம்தான். தனியாகக் கிடக்கிறவளுக்கு ஏதாவது ஒன்று நகர வேண்டும். எனக்கு அது நகர்ந்தது.

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் சயாமில் ரயில் போட ஆள் கேட்டான். முதலில் அரிசி தருகிறேன், துணி தருகிறேன், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றான். சிலர் நம்பிப் போனார்கள். அவர்களிடமிருந்து சேதி வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் போக மாட்டேன் என்றதும் லாரி வந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆளை முதலில் அனுப்பு என்று கங்காணிக்கு உத்தரவு.

பிச்சைமுத்துவின் பெண்டாட்டி பிரசவக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. பிள்ளையும் தங்கவில்லை. தனி ஆள். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கேட்காமலே விறகு பிளந்து என் வாசலில் போட்டுவிட்டு, நான் பார்ப்பதற்குள் போய்விடுவார். அண்ணனுக்கு ஒரு கல்லில் இரண்டு மாங்காய். மச்சானும் லாரிக்குத் தப்புவார், தனியாக இருக்கும் தங்கச்சிக்கும் ஒரு துணை கிடைக்கும்.

“எத்தன நாளைக்கு இப்படி ஒத்தையில இருப்ப? சப்பான்காரன் லயத்துக்குள்ள வர்றான், போறான். எனக்குத் தூக்கம் வரல இருளாயி.”

“எனக்குத்தான் புருசன் இருக்காருலா.”

“எங்க இருக்காரு?”

“பஸ்ராவுல. இப்ப மொட்ட மாடியில படுக்கிற காலம்.”

அண்ணன் எழுந்து போய்விட்டான். பாவம், அவன்தான் என்ன செய்வான்.

எங்கள் ஆட்களில் அறுத்துக் கட்டுவது உண்டு. முதல் தாலியை அறுத்துவிட்டு இன்னொரு தாலி கட்டிக்கொள்ளலாம், யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். ஆனால் அறுப்பதற்கு ஒரு சாவு வேண்டும். சாவைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் என் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

முத்தம்மாவின் கையை விலக்கிவிட்டு நான் கேட்டேன். “எந்த மாசம்?”

“மார்கழிக்கா. பஜனை மாசம், நல்ல மாசம், வைகுண்டந்தான் போயிருப்பாரு. எங்க கப்பல் கெளம்புறதுக்கு ரெண்டு நாளு முந்தி. நாங்க சிங்கப்பூரு வந்து சேந்தப்ப சப்பான்காரன் ஜொகூர்ல நின்னான். அங்கேயே மாட்டிக்கிட்டேன், இப்பதான் விட்டான்.”

“எப்படிச் செத்தாரு?”

“வெயிலுதாங்க்கா. என்னா சூடு அன்னைக்கு! தரையில காலு வைக்க முடியல. அடுப்புக்கிட்ட நின்ன மனுசன் தண்ணி தண்ணின்னுக்கிட்டே அப்படியே சுருண்டுட்டாரு.”

எனக்குள் ஏதோ குதித்தது. சந்தோஷம்தான், வேறென்ன? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முத்தம்மா பதறிப்போய் என் கன்னத்தில் அறைந்தாள். “அழுவுடி, அழுதுரு, உள்ள வச்சுக்காத” என்றாள். நான் அவனை விடவில்லை.

“மார்கழில ராத்திரி என்னத்தப் போத்திக்கிட்டுப் படுப்பீங்க?”

“போத்துறதா?” அவன் கூட்டத்தைப் பார்த்தான். “அந்தச் சூட்டுல பனியனே ஒடம்புல நிக்காதுலாக்கா.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஐயாவுவே சொன்னாரே, முட்டை வேகும் என்றாரே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

“பொய்யி” என்றேன். “மார்கழில அங்க குளிரு. கை வெறைச்சுப் போற குளிரு. இவன் பஸ்ராவக் கண்ணால பாத்ததில்ல.”

பின்னாலிருந்து ஒருத்தன், “பாலைவனத்துல குளிராம்லா” என்றான். இரண்டொருவர் சிரித்ததும் கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் குளிரில் அழுத கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். சாம்பல், கோழி, விடிய விடிய அழுகை, எல்லாம். எனக்கு மட்டும் என்று அவர் கொடுத்ததை வாசலில் கொட்டினேன், ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. “துக்கத்துல பெனாத்துது, பாவம்” என்று முத்தம்மா மற்றவர்களிடம் சொன்னாள். அவள் சொன்னது அன்பில்தான். அதுதான் ரொம்ப வலித்தது. இத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பிச்சைமுத்து மட்டும் கூட்டத்துக்கு வெளியே பால்மரத்தில் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பெண்கள் செம்பும் மஞ்சளுமாக வந்தார்கள். ஆற்றுக்குக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டித் தாலியை வாங்கிவிடுவது என்று ஏற்பாடு. பதினாறு நாள் வைத்துச் செய்யக் காலமும் இல்லை, அரிசியும் இல்லை. நான் நடுத்தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முத்தம்மா கழுத்தில் கை வைத்ததும் தாலிக்கயிற்றை வாய்க்குள் போட்டுப் பல்லால் கடித்துக்கொண்டேன். அதற்கு மேல் பேச முடியாது. ஆனால் யாரும் அறுக்கவும் முடியாது. என் வாய் சும்மா இருந்து எங்கள் தோட்டம் அன்றைக்குத்தான் பார்த்தது. இழுத்தார்கள், கெஞ்சினார்கள், திட்டினார்கள். வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக எழுந்து போனாள். உதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது.

அண்ணன் வாசலில் நின்று, “இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடியே இருந்தான். நான் குழாயடிக்குப் போனால் முத்தம்மா குடம் நிறைவதற்குள் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். கிறுக்கியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று மற்றவர்களும் ஒதுங்கினார்கள். விறகு மட்டும் வாசலில் விழுந்துகொண்டிருந்தது. அர்ச்சுனன் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டான்.

ஐப்பசி பிறந்தது. பஸ்ராவில் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்குகிற நேரம். கங்காணி பிச்சைமுத்துவின் பேரைக் கொடுத்துவிட்டான் என்று குழாயடியில் காதில் விழுந்தது.

மறுநாள் மழையில் நனைந்துகொண்டே பிச்சைமுத்து வந்தார். நான் கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். உள்ளே வரவில்லை. கூரை ஓரத்தில் பாதி மழையிலும் பாதி நிழலிலுமாக நின்றார்.

“நாளைக்கு லாரி வருது” என்றார்.

“கேள்விப்பட்டேன் மச்சான்.”

“அர்ச்சுனனுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் பினாங்கத் தாண்டிப் போனதில்ல. ஒங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, அவரு நெசமாத்தான் அழுதாரு. அவரத் திட்டிக்கிட்டு இருக்காத.”

துருவலை நிறுத்திவிட்டேன். அந்தக் கிழங்கைத் தூக்கி அவர் மூஞ்சியில் அடிக்கலாம் போல இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாகடித்து, என் கழுத்துக்கு ஆள் அனுப்பி, இப்போது கூரை ஓரத்தில் நின்று நியாயம் பேசுகிறார்.

“ஏன் மச்சான் மார்கழின்னு சொல்லச் சொன்னீங்க?”

“கப்பல் கணக்குக்கு அதுதான் ஒத்து வந்துச்சு. வெயிலு ஊருன்னா வருசம் பூரா வெயிலுதானேன்னு நெனச்சிட்டேன்.” முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார். “நெசமாவே அங்க குளிருமா இருளாயி?”

தோட்டத்திலேயே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அர்ச்சுனன் பஸ்ராவைப் பார்த்ததில்லை என்று நான் சொன்னது மெய் என்று தெரிந்தவரும் அவர் ஒருத்தர்தான். பொய் சொன்னவருக்குத்தானே அது தெரியும். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். வடக்குக் காற்றைச் சொன்னேன், புழுதியைச் சொன்னேன், மொட்டை மாடியைச் சொன்னேன், பேரீச்சம்பழத்தைச் சொன்னேன். இரண்டு வருஷமாக யாரிடமும் பேசாததையெல்லாம் பேசினேன். அவர் அப்படியே நின்று கேட்டார். நடுவில், “அப்ப மாசியில நல்லாருக்குமா?” என்று கேட்டார். “பங்குனிதான் நல்லாருக்கும்” என்றேன். தலையாட்டிக்கொண்டார். மழை விட்டதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

என்னைக் கட்டிக்கொள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், அது அவருக்கும் தெரியும். ஐயாவு இருக்கிறார். இருக்கிறவருக்கு நான் பெண்டாட்டி. இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கிளம்பத் திரும்பினபோது கிழங்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

“சயாம்ல எப்படி இருக்கும்னு தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டார். “வெயிலா, குளிரா?”

“நம்ம ஊரு மாதிரிதான் இருக்கும் மச்சான்” என்றேன். “பக்கந்தானே.”

“ஆமாலா, பக்கந்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பஸ்ராவைப் பற்றி நினைத்த அதே மாதிரி நான் சயாமைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

மறுநாள் லாரி வந்தது. அண்ணன் அழுதான். நான் தூரத்தில் நின்றேன், கிட்டே போனால் ஜனம் ஒரு மாதிரி பார்க்கும். பிச்சைமுத்து கோணிச்சட்டையோடு ஏறி நின்றார். வேறு துணி எதுவும் அவர் கையில் இல்லை.

கார்த்திகை வந்தது. பஸ்ராவில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசும், அதுவரை எனக்குத் தெரியும். மண் அணைக்கும்போது ஐயாவுவை நினைத்தால் அவரோடு கூடவே இன்னொருத்தரும் நினைவுக்கு வந்தார். அவர் இருக்கிற இடத்தில் இப்போது காற்று எப்பக்கமிருந்து வருகிறது, ராத்திரி எப்படி இருக்கிறது என்று எதுவும் தெரியாமல் என்னத்தை நினைப்பது? குழாயடியில் நானாகவே வாய் விட்டுக் கேட்டேன். கங்காணியிடம் கேட்டேன். சீனன் கடையில் கேட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டு அண்ணன் வாசலில் போய் நின்றேன். “சயாம்ல கார்த்திகையில குளிருமா அண்ணே?” என்றேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னோடு பேசினான்.

“போனவன் ஒருத்தனும் திரும்பி வரலையே இருளாயி. யாருகிட்டப் போயி கேக்குறது?”